அத்தானின் அடையாளங்கள்

மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வெளியே பின்னேர வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டும் வியர்வை மணமும். படம் தொடங்கி அரை மணித்தியாலம் இருக்கும். திரையில் ஒரு வெள்ளை வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சாரதி இறங்கினான். நீலக் கட்டம் போட்ட சேட்டு. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் வெட்டுக்காயம்.

பக்கத்துக் கதிரையில் இருந்த என் பெரியக்கா மூச்சை உள்ளே இழுத்தார்.

கமெரா அவன் கழுத்தடிக்குக் கிட்ட வந்தது. சேட்டின் மேல் பொத்தான் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் இறங்கியது.

"தம்பி, கறுப்பு நூலடா," என்றார். "இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படி என்று எனக்குத் தெரியும். நான் திரையையே பார்த்தேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் வயலைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் நாங்கள் இடம்பெயர்ந்த பாதைகளைப் பற்றியும் எழுதி வந்தேன். அக்காவின் கணவர் தேவன் அத்தானைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆசிரியர் கேட்டபோதும் பிறகு பார்ப்போம் என்றேன். இந்த வாரமும் எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கோபத்தோடு எழுதுகிறேன். சொற்கள் முரடாக வந்தால் வரட்டும்.

கொப்பியோடு வந்தவர்

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் குழு எங்கள் ஊர் அக்கராயனுக்கு வந்தது. போர்க்காலத்தில் வன்னிக்கு வரும் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர்தான் படத்தின் கதாநாயகன். வெளியே பத்திரிகைக்காரர், உள்ளே தன் நாட்டுக்கு உளவு பார்ப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தில் வேலை கிடைத்தது. எனக்குப் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டும் வேலை.

எனக்குத் தெரிந்தபடி வெட்டினேன். ஒடுக்கமாக, வாசலில் ஒரு முடக்கு வைத்து, மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண் போட்டு. கலை இயக்குநர் வந்து குனிந்து பார்த்தார்.

"ரொம்பக் குறுகலா இருக்கே. கேமரா உள்ள போகணும். இந்த வளைவு வேணாம், நேரா வெச்சிருங்க."

முடக்கு இல்லாவிட்டால் செல் குண்டு வெடித்த துண்டு நேரே உள்ளே வரும் என்று சொல்ல நினைத்தேன். கலியாணப் பந்தல் மாதிரி ஒரு பங்கர் வெட்டிக் கொடுத்தேன். அப்படி ஒரு பங்கருக்குள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தக் குழுவில் கௌதம் என்று ஓர் உதவி இயக்குநர் இருந்தார். முப்பது வயது வராது. மரியாதையான பிள்ளை. ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் என் பக்கத்தில் மண்மேட்டில் வந்து குந்தினார். மடியில் கொப்பியை விரித்தார்.

"அண்ணா, இங்க யாராவது வெளிநாட்டுப் பத்திரிகையாளருக்கு வண்டி ஓட்டியிருக்காங்களா?"

வன்னியில் கொப்பியோடு ஒருவர் வந்து கேட்டால் நாங்கள் சொல்லிவிடுவோம். அது எங்களைப் பிடித்த ஒரு நோய். காணாமற்போனவர்களைப் பதிய வருகிறோம் என்று எத்தனை பேர் வந்தார்கள்! விசாரணை என்று வந்தார்கள், தொண்டு நிறுவனம் என்று வந்தார்கள், வெளிநாட்டில் படிக்கிறவர்கள் என்று வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொன்னோம். என்ன உயரம், என்ன நிறம், எங்கே காயம், கடைசியாக என்ன உடுப்பு, யார் கண்டது. அக்காவுக்குத் துணையாகப் போய்ப் போய் எனக்கும் அது பாடமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாய்ப்பாடு மறந்துபோனது. அத்தானின் அடையாளங்கள் மறக்கவில்லை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், கௌதமுக்கு ஒரே மூச்சில் சொன்னேன். உயரம் ஐந்தடி ஏழு. மாநிறம். இடது புருவத்தில் வெட்டுக்காயம், சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்தது. வலது கைச் சின்னவிரலில் நுனி இல்லை. கடைசியாகப் போட்டிருந்தது நீலக் கட்டச் சேட்டு. மேல் பொத்தான் கறுப்பு நூலால் தைத்தது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவார்.

அந்தக் கடைசி அடையாளத்தை எந்த அதிகாரியும் எழுதியதில்லை. "அது தேவையில்லை அம்மா," என்பார்கள். அக்காவும் விடாமல் ஒவ்வொரு முறையும் சொல்வார். கௌதம் எழுதினார். எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார். எனக்கு அந்தப் பிள்ளைமேல் அன்பே வந்துவிட்டது.

நான் நினைத்தது இவ்வளவுதான். படம் உலகமெல்லாம் ஓடும். எங்கோ ஒரு சிறை மறியலில், ஓர் ஆஸ்பத்திரியில், அத்தானைக் கண்ட ஒருவர் அந்தப் படத்தைப் பார்ப்பார். இப்படி ஒரு மனிதரை நான் கண்டேனே என்பார். அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை எதிர்பார்த்து ஏமாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓடாத சனம்

குண்டு விழும் காட்சி ஒன்று எடுத்தார்கள். ஊர்ச் சனம் நாற்பது பேர் சாமான் மூட்டைகளோடு வீதியில் நடக்க வேண்டும். சத்தம் கேட்டதும் கத்திக்கொண்டு ஓட வேண்டும்.

சத்தம் வந்தது. புகை வந்தது. நாற்பது பேரும் ஒரேயடியாகக் குப்புறப் படுத்துவிட்டோம். ஒருவரும் கத்தவில்லை. மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் படுத்தோம்.

இயக்குநர் ஒலிபெருக்கியோடு ஓடி வந்தார். "ஏம்மா, ஓடுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

எனக்குப் பக்கத்தில் மணியக்கா கிடந்தார். அறுபது வயது தாண்டியவர். அவருடைய ஒரே மகனையும் காணவில்லை. காணாமற்போனவர்களுக்காக வீதியோரக் கொட்டகையில் அக்காவோடு இருப்பவர். மண்ணில் கிடந்தபடியே தலையை மட்டும் தூக்கினார்.

"ஓடினால் சாகிறதெல்லோ தம்பி. உங்களுக்கு ஆர் சொன்னது ஓடுறதெண்டு?"

"படத்துக்காகம்மா."

"படத்துக்காகச் சாகட்டோ?"

எல்லோரும் மண்ணில் கிடந்தே சிரித்தோம். பிறகு குண்டுச் சத்தம் கேட்டே இராத பெடியன்களை வேறு எங்கிருந்தோ ஏற்றி வந்து ஓடவிட்டார்கள்.

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இவர்கள் எங்களிடம் கேட்பார்கள். எங்கள் பதில் அவர்களுக்குத் தேவையில்லை. எப்படிக் காட்டுவது என்று வரும்போதே முடிவெடுத்து வந்தவர்கள்.

அத்தான் செய்தது

அத்தான் மல்லாவிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வான் ஓடியவர். யுத்தம் இறுகத் தொடங்கிய நேரம், ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர் வந்து அந்த வானை அமர்த்தினார். பத்துப் பன்னிரண்டு நாள் அத்தான் அவரோடு திரிந்தார். துணுக்காய், அக்கராயன், கடற்கரைப் பக்கம் எல்லாம் போனார்கள். அந்த மனிதருக்கு உறைப்பு ஒத்துவராது. அக்கா மிளகாய் போடாமல் ஒரு பருப்பு ஆக்கிக் கொடுப்பார். அவர் அதைச் சோற்றில் விடாமல் கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் குடிப்பார். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவருக்கு முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்தக் கூச்சம்.

பாதை மூடப்போகிறது என்று கதை வந்தது. அத்தான் அவரை வவுனியாப் பக்கம் கடக்கிற இடம்வரை கொண்டுபோய் விட்டார். நீயும் வா, உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் கேட்டாராம். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அத்தான் வானைத் திருப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதை நான் எழுதுவேனோ தெரியாது.

யுத்தத்தின் கடைசியில் எல்லோரும் நடந்து வெளியே வந்தோம். ஒரு வெட்டை வெளியில் ஆமிக்காரர் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் பதிந்தார்கள். வரிசையில் நிற்கும்போது அத்தானின் சேட்டுப் பொத்தான் அறுந்தது. அக்காவின் பையில் இருந்தது கறுப்பு நூல் மட்டும். நின்ற நிலையிலேயே தைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

என்ன வேலை செய்தாய் என்று அத்தானைக் கேட்டார்கள். அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

"ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரருக்கு வான் ஓடினனான்," என்றார்.

வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பஸ் நின்றது. அதில் ஏற்றினார்கள். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் போனது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

திரையில் வந்த அத்தான்

படத்தில் வேலை செய்தவர்களுக்கு முதலில் காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கிளிநொச்சியில் அந்த மண்டபத்தை எடுத்திருந்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. திரையில் அந்தச் சாரதியைக் கண்டதும் எல்லாப் பக்கமும் குசுகுசுத்தார்கள். "தேவனெல்லோ!" "அச்சாப் பொருத்தம்." அக்கா இருட்டில் சிரித்ததை நான் கண்டேன்.

பிறகுதான் கதை திரும்பியது. பத்திரிகைக்காரன் எடுத்த படங்களை அந்தச் சாரதி களவாக எடுத்து எதிரியிடம் கொடுக்கிறான். யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறான். சனம் சாகிறது. ஒவ்வொரு முறை பொய் சொல்லும்போதும் கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறான். மூன்றாம் தடவை அவன் கையைத் தூக்கியதும் முன்வரிசையில் ஒருவர் "பார், பார், பொய் சொல்லப்போறான்" என்றார்.

கௌதம் கோடு போட்டது இதற்குத்தான்.

கடைசிக் காட்சியில் பனி கொட்டும் ஒரு நகரம். சாரதி கொழுத்துப் போயிருக்கிறான். சொந்தமாகக் கடை. கதாநாயகன் தெருவுக்கு மறுபக்கம் நின்று அவனைப் பார்க்கிறான். கடைக்குள் அவன் யாருக்கோ எதையோ சொல்லி வாயைப் பொத்திச் சிரிக்கிறான். படம் முடிந்தது.

விளக்குப் போட்டார்கள். வழக்கமாக அக்காவோடு கதைக்கிறவர்கள் ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கதிரைகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் கௌதம் நின்றார். "எப்படி இருந்துச்சு அக்கா?"

அக்கா அவர் முன்னால் போய் நின்றார். "தம்பி, அவர் எந்த ஊரில இருக்கிறார்?"

"யாருக்கா?"

"என்ர மனுசன். வான் ஓடினவர். பனி கொட்டுற இடத்தில கடை வைச்சிருக்கிறார் எண்டு காட்டினீங்களெல்லோ. ஊரின்ர பேரைச் சொல்லுங்கோ."

கௌதம் என்னைப் பார்த்தார். பிறகு இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநர் வந்து சிரித்த முகத்தோடு சொன்னார்: "அது கற்பனைப் பாத்திரம்மா. அப்படி யாருமே கிடையாது."

"கற்பனையெண்டால் பொத்தான் எப்பிடி வந்தது? அது நான் தைச்சது. அவரைக் காணாமல் உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"அதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்மா. அது இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க."

கையைக் கூப்பிவிட்டு வாகனத்தில் ஏறினார். கௌதம் மறுபடி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவரும் போனார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இருக்கிறார்தானே

அக்கா போய் இருக்கும் கொட்டகை வீதியோரத்தில் இருக்கிறது. தகரக் கூரை. காணாமற்போனவர்களின் படங்களைக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அத்தானின் படமும் அங்கே பல வருடமாக இருந்தது. வெயிலில் நிறம் போனதும் அக்கா புதிது எடுத்துக் கட்டுவார்.

மண்டபத்தில் படம் பார்த்த அடுத்த நாள் முழு ஊரும் ஒரே கதைதான். தேவன் வெளிநாட்டில் இருக்கிறானாம். இல்லாவிட்டால் புருவத்துக் காயத்திலிருந்து விரல் நுனிவரை அப்படியே எப்படிக் காட்டுவார்கள்? சினிமாக்காரர்களுக்கு எல்லா இடமும் ஆள் இருக்காம்.

கொட்டகையில் மணியக்கா அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிசி இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"பிள்ளை, கோவியாதை. கொஞ்ச நாளைக்கு உன்ர மனுசன்ர படத்தைக் கழட்டி வை. வெளியில இருந்து வாறவை அந்தச் சினிமாப் படத்தைப் பாப்பினம். இவரும் இஞ்ச தொங்கினால் எங்கட பிள்ளையளின்ர கதையும் பொய்யெண்டு நினைப்பினம்."

அக்கா சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் ஏறி முடிச்சை அவிழ்த்தார்.

"ஓம் அக்கா. உயிரோட இருக்கிற மனுசன்ர படம் இஞ்ச என்னத்துக்கு?"

வீட்டுக்கு வரும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அத்தானைத் துரோகியெண்டு காட்டியிருக்கிறாங்கள். உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"துரோகியெண்டாலென்ன," என்றார் அக்கா. "இருக்கிறார்தானே."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் பல வருடம் காணவில்லை.

என் அத்தானின் நேர்மையை எடுத்தார்கள். அவருடைய கூச்சத்தை எடுத்துக் களவாணியின் சிரிப்பாக்கினார்கள். அதையெல்லாம்கூட விழுங்கிவிடலாம். அவரை உயிரோடு அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்களே, அதை என்னால் மன்னிக்க முடியாது. அந்தப் பொய்யைப் பிடுங்கும் வேலையை எனக்கு விட்டுப் போனார்கள். அதற்கு விதை கொடுத்தவனும் நான்தான்.

ஸ்ரூடியோ வாங்கில்

அந்தக் கிழமையே அக்கா கடவுச்சீட்டு எடுக்கப் புறப்பட்டார். படம் எடுக்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். மஞ்சள் சேலை கட்டியிருந்தார். ஸ்ரூடியோ வாசலில் இரண்டு பேருக்குப் பிறகு எங்கள் முறை. நீள மரவாங்கில் இருந்தோம். சுவரில் தொங்கிய கண்ணாடியில் அக்கா தலைமயிரைக் கையால் ஒதுக்கினார்.

"அவர் என்னை மட்டுக்கட்டுவாரோ தெரியாது. நரைச்சுப் போனன் என்ன?"

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"அக்கா, நான்தான் சொன்னனான்."

"என்னத்தை?"

"அந்தக் கௌதமுக்கு. அத்தான்ர அடையாளமெல்லாம். கொப்பியோட வந்து கேட்டவர். நான் சொன்னனான்."

அக்கா கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொத்தானையுமோ?"

"ஓம்."

"சிரிக்கிறதையுமோ?"

"ஓம் அக்கா."

உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தது. அக்கா எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மூன்று பேர் போய் வந்துவிட்டார்கள்.

"அண்டைக்கு அவங்கள் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனாங்கள்," என்றார் அக்கா கடைசியில். "இண்டைக்கு நீ ஏத்திப்போட்டாய்."

அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொட்டகையில் எழும்பி நின்றது

நாலு நாள் அக்கா என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் அத்தானின் படம்.

"வெளிக்கிடு," என்றார்.

கொட்டகையில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். மணியக்கா படத்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "பிறகும் கொண்டு வந்திட்டியோ பிள்ளை?"

"இவன் ஒண்டு சொல்லவேணும். கேளுங்கோ," என்று அக்கா என்னை முன்னால் தள்ளினார்.

பெண்களுக்கு முன்னால் நின்று கதைத்துப் பழக்கமில்லை எனக்கு. ஆண்களுக்கு முன்னாலும் இல்லை. கட்டியிருந்த சாரம் காலில் தடக்கியது. முதல் சொல் வரவே இல்லை. ஒரு மனிசி, "என்ன, ஊமையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா," என்றார். அந்தச் சொல் பட்ட பிறகுதான் வாய் திறந்தது.

எல்லாம் சொன்னேன். அவர்கள் அத்தானைக் காணவில்லை. அவர் எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது. காயம், விரல், பொத்தான், சிரிப்பு எல்லாம் என் வாயிலிருந்து போனவை. மிச்சம் முழுக்க அவர்கள் கட்டியது. பஸ்ஸில் ஏற்றியதை நானும் என் கண்ணால் கண்டேன் என்றும் சொன்னேன்.

"நீயெல்லாம் ஒரு ஆம்பிளை," என்றார் அதே மனிசி. "இத்தினை நாளும் பாத்துக்கொண்டிருந்தனியோ?"

"ஓம்," என்றேன்.

மணியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அக்காவின் கையிலிருந்த படத்தை வாங்கினார். முன்பு இருந்த இடத்திலேயே கயிற்றில் கட்டினார். காற்றுக்குத் திரும்பாமல் கீழ் மூலைகளையும் கட்டினார். பிறகு தன் இடத்துக்குப் போய் இருந்தார்.

வீதியில் ஒரு லொறி போனது.

"தம்பி," என்றார் மணியக்கா. "அந்தக் கொப்பிக்காரப் பெடியன் என்னட்டையும் வந்தவன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம்தான். என்ர பெடியன்ர காலில இருக்கிற மச்சம். நித்திரையில கதைக்கிறவன். ஆரும் அதட்டினால் கண்ணைச் சிமிட்டுவான். எல்லாம் எழுதினவன்."

"என்னட்டையும் வந்தவன்," என்றார் தூணோடு சாய்ந்திருந்த ஒருவர்.

"எனக்கும் போன் கோல் எடுத்துக் கேட்டவன். என்ர மகள் பாடுறதைப் பற்றிச் சொன்னனான்," என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

பின்னாலிருந்து இன்னொருவர் கையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர்.

மணியக்கா மகனின் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, பக்கத்தில இருத்திச் சொன்னனான்," என்றார். "என்ர பிள்ளையை இனி என்னவாக் காட்டப்போறாங்கள்?"